மூன்றாவது கோடு

அத்தியாயம் 17

போன வாரம் நீலாம்பிகாவை ஏணியின் உச்சியில், கையில் ஒரு கேபிளும் வாயில் இரண்டு ஆணியுமாக விட்டுவிட்டு வந்தோம். கவலைப்பட வேண்டாம், பத்திரமாக இறங்கிவிட்டாள். இந்த வாரம் அவள் தலையில் விழுந்தது ஏணி இல்லை, வேறொன்று.

அந்த ஏணியில் ஏறவே அவள் எத்தனை பேச்சு கேட்க வேண்டியிருந்தது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஹூப்ளி பட்டணசெட்டி குடும்பத்தின் மொத்த மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக ஒரே ஒரு பில் அறை. அதில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு பழைய கறுப்பு ரவுட்டர். மாடிக் கிடங்குக்கு என்ன சரக்கு எடுக்க வேண்டும் என்ற சேதி, சீட்டில் எழுதப்பட்டு, மூட்டை கட்டும் தாவல்சாபின் கால்களில்தான் போகும். தாவல்சாபின் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் ஐந்து வருடம் கம்பெனி கம்பெனியாகப் போய் நெட்ஒர்க் போட்டுக் கொடுத்தவள் நீலா. கணவன் ருத்ரேஷ் தார்வாடில் கல்லூரி வாத்தியார். கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. இரண்டு வருடமாக ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள் மாமனாரிடம் கேட்டே விட்டாள். ஆறு இடத்தில் கம்ப்யூட்டர் வைத்து, கீழே பில் போட்டால் மாடியில் சீட்டு அச்சாகி வரும்படி செய்து தருகிறேன், நானே வயர் இழுக்கிறேன் என்று.

மாமனார் மல்லேசப்பா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவர் மூத்த மகன் ஈரண்ணா. இருக்கிறதே போதும் என்றார் அவர். ஏன் போதும் என்று கேட்டால், மறுபடியும் இருக்கிறதே போதும். கடைசியில் மல்லேசப்பா ஒரு முடிவு சொன்னார். விஜயதசமி அன்று முதல் பில் ஆறு கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும். தெரிந்தால் அவர் இடுப்பில் வெள்ளிச் சங்கிலியில் தொங்கும் கடைச் சாவிக்கொத்து நீலாவுக்கு, கடையின் நிர்வாகமும் அவளுக்கு. தெரியாவிட்டால் வயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பழையபடி பில் அறை. அவளும் பழையபடி அடுப்படி.

விஜயதசமி விடிந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜை. கடையின் எல்லா மின்சாரத்தையும் அணைத்து, தராசு முதல் கம்ப்யூட்டர் வரை துடைத்து, குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. அதற்கும் முந்தைய நாளே நீலா ஆறு கம்ப்யூட்டரையும் இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டாள். எல்லாம் தண்ணீர் போல ஓடியது. அதனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். அதுதான் அவள் நிம்மதியாகத் தூங்கிய கடைசி ராத்திரி என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை.

ஒன்பது பத்துக்கு நல்ல நேரம். மல்லேசப்பா குளித்து, கழுத்தில் அணிந்திருக்கும் இஷ்டலிங்கத்துக்குப் பூஜை முடித்து, நெற்றியில் விபூதியோடு தன் அறையில் வந்து உட்கார்ந்தார். அவர் நெற்றியில் முதல் இரண்டு கோடும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும்; மூன்றாவது மட்டும் பாதியில்தான் தொடங்கும். மோதிர விரலின் நுனியை இருபது வருடத்துக்கு முன்பு கடை ஷட்டர் வாங்கிக்கொண்டது. கடை இருக்கும் தாஜிபான் பேட்டையில் அந்த அரைக் கோட்டைப் பார்த்தே பட்டணசெட்டி வருகிறார் என்று எழுந்து நிற்பவர்கள் உண்டு.

"நீலவ்வா, வயர் எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து அவர் அதைக் கேட்பது மூன்றாவது முறை. தன்னைச் சீண்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, போட்டாச்சு மாமா என்று மூன்றாவது முறையும் சிரித்தபடியே சொன்னாள்.

மல்லேசப்பா தன் கையால் பொத்தானை அழுத்தினார். நவலகுந்த் ஊர்க் கடைக்கு இருபது பெட்டி இன்சுலின். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, சர்வரைக் காணவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

நீலா ஓடிப் போய் அணைத்துப் போட்டாள். உடனே சரியாகிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தால், முன் கவுன்டரிலிருந்து ஒரு குரல்: இங்கே போய்விட்டது. அங்கே போய் அணைத்துப் போட்டாள். அது வந்தது, மாடியில் போனது. மாடியில் ஒன்று வந்தபோது பக்கத்தில் இருந்தது போனது. பில் அறையில் இருந்தது மட்டும் ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தது. அதைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணுக்குக் காய்ச்சல் விட்டா இன்னொண்ணுக்கு வருதும்மா," என்றார் தாவல்சாப். "நம்ம கிடங்குலதான் மாத்திரை இருக்கே, ஒண்ணு கரைச்சு ஊத்திப் பாக்கலாமா?"

நீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். எலி கடித்திருக்குமோ என்று சுவரோரமாகத் தவழ்ந்து பார்த்தாள். பில் அறையில், எல்லா வயரும் வந்து சேரும் பெரிய ஸ்விட்ச் பெட்டியில் அத்தனை விளக்கும் பச்சையாக எரிந்தன. அத்தனையும் பச்சை, ஆனால் பாதிக் கடை ஊமை. ஐந்து வருடத்தில் எழுபது எண்பது கம்பெனிக்கு இதைச் செய்து கொடுத்தவளுக்கு, சொந்த வீட்டில், மாமனார் கண் முன்னால், என்ன ஏது என்றே விளங்கவில்லை. முந்தாநாள் சோதித்தது நிஜமா, அல்லது சோதித்ததாகக் கனவு கண்டேனா என்று கூட ஒரு கணம் தோன்றியது.

ஊர் ஊராகக் கடைக்காரர்கள் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். சர்க்கரை நோய்க்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. பதினோரு மணி பஸ்ஸில் சரக்கு ஏற வேண்டும். ஈரண்ணா பழைய சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கியபடி மளமளவென்று எழுதத் தொடங்கினார். தாவல்சாப் பழையபடி மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். ஈரண்ணா எழுதிய வேகத்தைப் பார்க்கப் பார்க்க நீலாவுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த நாளுக்காகவே சீட்டுக்கட்டைத் தயாராக வைத்திருந்தவர் மாதிரி இருந்தது அது.

பத்து மணிக்கு அவள் ஓடுவதை நிறுத்தினாள். மாடியில் வேலை செய்யும் கம்ப்யூட்டரையும் செய்யாத கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம் என்று பொறுமையாகப் பார்க்க உட்கார்ந்தாள்.

வித்தியாசம் இருந்தது.

நெட்ஒர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் மாதிரி ஒரு எண் வேண்டும். அணைத்துப் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் எனக்கு எண் கொடு என்று கேட்கும், ரவுட்டர் கொடுக்கும். பழையதோடு குழம்பக் கூடாது என்றுதான் நீலா புது ரவுட்டருக்குப் பத்தாம் வரிசை எண்களை வைத்திருந்தாள். வேலை செய்யும் கம்ப்யூட்டரில் பத்தாம் வரிசை. செய்யாததில் ஒன்றாம் வரிசை.

ஒன்றாம் வரிசை எண்ணை இந்தக் கட்டடத்தில் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று. பழைய கறுப்புப் பெட்டி. அதுவும் எங்கேயோ மாட்டப்பட்டு, கேட்பவர்களுக்கெல்லாம் எண் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு ரவுட்டரில் எது முந்திக்கொள்கிறதோ அதன் எண். அதனால்தான் ஒன்று வந்தால் ஒன்று போகிறது.

ஆனால் அந்தப் பெட்டியைப் போன வாரம் அவளே அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினாள். பரணுக்குப் பூட்டு உண்டு. சாவி ஈரண்ணாவிடம்.

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பரணைத் திறந்தாள். அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அந்தக் கணம் நீலாவின் குழப்பமெல்லாம் போய்விட்டது. அதன் இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. கோபம் வந்தால் எல்லாம் தெளிவாகத் தெரிவது போல இருக்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்து. காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். முன் கவுன்டரில் நான்கு பேர் நின்றிருந்தார்கள், வெளியூர்க் கடைக்காரர் ஒருவரும் இருந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. கணவனின் அண்ணனை அவள் பாவா என்று கூப்பிடுவாள். அந்த வார்த்தைக்கு உண்டான மரியாதையோடுதான் அன்றும் ஆரம்பித்தாள்.

"பாவா, பரண் சாவி உங்ககிட்டதானே இருக்கு? பழைய பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?" என்றார் ஈரண்ணா, சீட்டிலிருந்து நிமிராமல்.

"பழைய ரவுட்டர். யாரோ எடுத்து இந்தக் கட்டடத்துல எங்கயோ மாட்டியிருக்காங்க. காலையிலேருந்து இத்தனை கூத்தும் அதனாலதான். பூட்டைத் திறக்காம எடுக்க முடியாது. சாவி உங்ககிட்ட இருக்கு. நான் தோக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாமே. இப்படியா செய்யறது?"

ஈரண்ணாவின் பேனா நின்றது. அவர் முகத்தில் முதலில் ஒன்றுமே புரியாத ஒரு பார்வை வந்தது. பிறகு அவர் கண் அப்பாவின் அறைப் பக்கம் போயிற்று. போய், திரும்பி வந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "மாட்டினதும் நான்தான்."

"எதுக்கு?"

"உன் வயரு ஓடக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?"

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நீலா எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மல்லேசப்பா அறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளையிலிருந்து ஹாவேரி கிளைக்குப் போய் உட்கார்ந்துகொள், இந்தக் கடையில் உனக்கு வேலை இல்லை என்றார். அது போதாதென்று, எல்லார் காதிலும் விழும்படி இன்னொன்றும் சொன்னார்.

"இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு வன்னி கொடுக்க வராத. கொடுத்தா வாங்க மாட்டேன்."

முன் கவுன்டரில் நின்ற வெளியூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். விஜயதசமி சாயங்காலம் வன்னி இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற ஊரில், வருடம் முழுக்க முகம் பார்க்காத பங்காளிகள்கூட அன்று ஒருநாள் படியேறி வந்து இலை கொடுத்துவிட்டுப் போகிற ஊரில், பெற்ற மகனிடம் வாங்க மாட்டேன் என்பது சாதாரணப் பேச்சு இல்லை. ஈரண்ணாவுக்கு ஐம்பது வயது. எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் நீலாவிடம் சொல்லி, அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தபோது அட்டைப்பெட்டியை நாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார்.

நீலா ஆறு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டாள். ஆறும் பத்தாம் வரிசை.

பத்து நாற்பதுக்கு மல்லேசப்பா மறுபடி பொத்தானை அழுத்தினார். மாடியில் அச்சு இயந்திரம் கிர்ரென்றது. வந்துட்டும்மா, இருபது பெட்டி, எழுத்துக்கூட அழகா இருக்கு என்று தாவல்சாப் மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். கவுன்டரில் கைதட்டினார்கள். மாமியார் கௌரவ்வா எல்லாருக்கும் பேடா கொடுத்தாள். மல்லேசப்பா இடுப்பிலிருந்து வெள்ளிச் சங்கிலியைக் கழற்றி, சாவிக்கொத்தை நீலாவின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார். இனிமேல் இந்தக் கடை உன் பொறுப்பு நீலவ்வா என்றார்.

இரண்டு வருடமாக அவள் காத்திருந்த நிமிடம் அது. சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. சாப்பாட்டு நேரம் வரைதான் இருந்தது.

மத்தியானம் மாடி வீட்டில், இலையில் ஹோளிகே என்கிற போளி, நெய், மாங்காய் ஊறுகாய். ஈரண்ணா சாப்பிட வரவில்லை. நீலாவுக்கு ஒன்று உறுத்தியது. ஒளித்து வைத்துக் கெடுக்க நினைப்பவர் அப்பாவின் அறையிலா கொண்டுபோய் மாட்டுவார்? மாடிக் கிடங்கில் எத்தனை மூலை இருக்கிறது. அதுவும் ஈரண்ணா. பல்பு மாற்றவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற மனிதர். எந்த வயரை எந்தத் துளையில் செருகினால் கடை கெடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவளே ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டாளே.

எந்தப் பெட்டி என்று முதலில் கேட்டாரே, அப்போது அவர் நடிக்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கீழே வந்தாள். கடை சாத்தியிருந்தது. இப்போது சாவி அவளிடம்தான். திறந்துகொண்டு உள்ளே போய், பில் அறை மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் நாடாவைக் கத்தரியால் வெட்டினாள்.

மேலே செவ்வந்தி இதழ்கள். அவற்றை ஒதுக்கினாள். கறுப்புப் பெட்டியின் முதுகில் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அதற்கு மேல் விபூதி. மூன்று கோடு. முதல் இரண்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. மூன்றாவது பாதியில் தொடங்கியது.

நீலா கத்தரியைக் கீழே வைத்தாள்.

யார் மாட்டியது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த பிறகுதான் எல்லாம் இன்னும் குழம்பியது. மாமனார் மாட்டினார் என்றால், மாமனாருக்கே அது தெரியுமே. தெரிந்துகொண்டேயா மகனை ஹாவேரிக்குப் போ என்றார்? அந்தக் கோபம் பொய்க் கோபம் இல்லை. மூக்கு நுனி நடுங்கியதை அவள் பார்த்தாள். வயர் போட்டாச்சா என்று மூன்று முறை கேட்டதும் நினைவுக்கு வந்தது. சீண்டல் என்று நினைத்தாளே. கேட்டபோது அவர் கண்ணில் சிரிப்பு இருந்ததா? யோசித்துப் பார்த்தாள். இருக்கவில்லை.

சாயங்காலம் மாடி வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து, இலையைக் கையில் வைத்து, வன்னி வாங்கிக்கிட்டுப் பொன்னா இருப்போம் என்றார்கள். மல்லேசப்பா நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த இலையெல்லாம் வாங்கி மடியில் குவித்துக்கொண்டிருந்தார். நீலாவும் கொடுத்தாள். பிறகு இரண்டு இலையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, பின்பக்கப் படி வழியாகக் கடைக்கு இறங்கினாள்.

ஈரண்ணா பில் அறையில் காலையில் எழுதிய சீட்டுகளைக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்திருந்தார். நீலா வந்ததும் அதைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"எத்தனை நாளா, பாவா?" என்று கேட்டாள்.

நூல் கட்டி முடித்தார்.

"யுகாதியிலேருந்து," என்றார். "முதல்ல பேரு மறந்தாரு. அப்புறம் ஒரே கடைக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவை சரக்கு அனுப்பினாரு. குழந்தைங்க மருந்து கேட்ட இடத்துக்குப் பெரியவங்க மருந்தைப் பில் போட்டாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். சீட்டு மாடிக்குப் போறதுக்குள்ள மாத்தி எழுதிடுவேன். ஒரே அறை, ரெண்டே கம்ப்யூட்டர். யாருக்கும் தெரியாது."

நீலாவுக்கு இப்போது புரிந்தது. இருக்கிறதே போதும், இருக்கிறதே போதும் என்று அவர் முட்டிக்கொண்டது எதற்காக என்று. புதிய ஏற்பாட்டில் மல்லேசப்பா அழுத்துவது அடுத்த நொடி மாடியில் அச்சாகும், அவர் பெயரோடு, ஆறு திரையிலும்.

பழைய பெட்டியை ஏன் மாட்டினார் என்று கேட்டாள். அதையும் ஈரண்ணா சொன்னார். பதினெட்டு வருடமாக ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குத்தான் அப்பா முதலில் விபூதி இடுவது. அணைந்து கிடப்பதற்குப் பூஜை செய்யக் கூடாது என்பது அவர் கணக்கு. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் அது சும்மா இருக்கிறது, பச்சை வந்தால்தான் வேலை செய்கிறது. நேற்றுப் பூஜை முடிந்து, மின்சாரத்தை மறுபடி போட்டுவிட்டு எல்லாரும் மாடிக்குப் போன பிறகு, பித்தளை விளக்கு எடுக்க வேண்டும் என்று பரண் சாவி கேட்டிருக்கிறார். பெட்டியை எடுத்து, தன் அறையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, மேஜைக்கு அடியில் நீலா பொருத்தியிருந்த சின்ன ஸ்விட்சில் காலியாக இருந்த துளையில் கேபிளைச் செருகியிருக்கிறார். பச்சை வந்திருக்கிறது. படத்தைச் சுற்றிலும் பண்டிகைக்குப் போட்ட கலர் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

"காலையில நீ காலிப் பெட்டியோட வந்து நின்னியே, அப்பதான் எனக்கே விளங்கிச்சு. அத்தனை பேர் முன்னால, நீங்கதானே மாட்டினீங்க அப்பாஜின்னு கேக்கச் சொல்றியா? இல்லன்னு சத்தியம் பண்ணியிருப்பாரு. அவர் வரைக்கும் அது சத்தியம்தான்."

நீலா அழுதுவிட்டாள். குனிந்து அவர் காலைத் தொட்டு, கையில் கசங்கிப் போயிருந்த இரண்டு இலையையும் நீட்டினாள். ஈரண்ணா வாங்கிச் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, உன்னோடு இருக்கட்டும் என்றார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மல்லேசப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"ஏன்டா ஈரண்ணா, ஊர்ல இருக்கறவன் எல்லாம் வன்னி கொடுத்துட்டுப் போயிட்டான். பெத்தவன் நான் உனக்காக உக்காந்திருக்கேன், நீ மட்டும் வரல. அப்பன் மேல என்னடா கோபம்?"

அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

ஈரண்ணா நீலாவைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்தார், அப்பாவின் காலில் நெற்றி படும்படி விழுந்தார். வன்னி வாங்கிக்கிட்டுப் பொன்னா இருப்போம் அப்பாஜி என்றார். மல்லேசப்பா இலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகனின் தலையை வெகுநேரம் தடவினார்.

பிறகு அவர் பார்வை மேஜைக்கு அடியில் போயிற்று.

"அட, இதுக்கு இன்னும் பூஜையே ஆகலயே. நேத்தே நினைச்சேன். நீலவ்வா, கொஞ்சம் மாட்டு. பச்சை விளக்கு எரியணும்."

பெட்டியின் முதுகில் அவர் இட்ட விபூதி அப்படியே இருந்தது.

நீலா அதை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மின்சாரம் கொடுத்தாள். சிவப்பு விளக்கு வந்தது. அவர் காத்திருந்தார். பெரிய ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் மாட்டினால் பச்சை வரும், நாளைக் காலை கடை மறுபடி ஊமையாகும். ஒரு கணம் யோசித்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து முழ நீளக் கேபிள் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைக் கறுப்புப் பெட்டியின் முதல் துளையிலும் மறுமுனையை அதே பெட்டியின் இரண்டாவது துளையிலும் செருகினாள். நெட்ஒர்க் வேலை கற்றுக்கொள்ளும் முதல் நாளே செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற காரியம் அது.

இரண்டு பச்சை விளக்குகள் படபடவென்று மின்னத் தொடங்கின. பெட்டி தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தது, வெளியில் ஒருவருக்கும் தொந்தரவில்லாமல்.

"பாத்தியா," என்றார் மல்லேசப்பா, முகமெல்லாம் மலர்ந்து. "பழசுதான். ஆனா எப்படி ஓடுது பாரு."

மடியிலிருந்த விபூதிச் சுருக்குப்பையைப் பிரித்து, பழைய கோடுகளின் மேலேயே புதுக் கோடுகள் இட்டார். மூன்றாவது பாதியில் தொடங்கியது. கும்பிட்டார். பிறகு, சரி, நேரமாகிறது, கடையைப் பூட்டுவோம் என்று சொல்லி, பழக்கமான கையால் இடுப்பைத் தொட்டார்.

கை அங்கேயே நின்றது. வேட்டி மடிப்பைத் தடவினார். சட்டைப்பையைத் தடவினார். மேஜையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, காலையில் பார்த்த அதே கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

"என் சாவி எங்கடா? காலையிலகூட இருந்துச்சே. யாரு எடுத்தது?"

ஈரண்ணா வாயைத் திறந்தார். பழக்கம் அவருக்கு. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது நீலாவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, இரண்டு கையிலும் ஏந்தி மாமனாரின் முன்னால் நீட்டினாள்.

"நான்தான் எடுத்தேன், மாமா."